அரசு எழுதிக்கொடுக்கும் ஜெபம்

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் பொது இடங்களில் ஜெபிப்பதைப் பற்றியும், கிறிஸ்தவ விசுவாசத்துக்கும் அரசுக்கும் உள்ள உறவைப் பற்றியும் கேள்விகள் நிறைய வந்திருப்பதால், இந்த இதழில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி: எங்கள் ஊர் நற்செய்திக் கூட்டத்தில் பேசிய போதகர் ஒருவர், அமெரிக்கா 1962-ல் பள்ளிக்கூடங்களிலிருந்து ஜெபத்தைத் துரத்திவிட்டது என்றும், அந்த நாட்டின் ஒழுக்கச் சீரழிவு அன்றைக்கே தொடங்கிவிட்டது என்றும் உருக்கமாகச் சொன்னார். உண்மையில் நடந்தது என்ன?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: நியூயார்க் மாநிலத்தில் கல்வியை மேற்பார்வையிடும் ரீஜென்ட்ஸ் வாரியம் 1951-ல் ஒரு சிறு ஜெபத்தைத் தானே இயற்றி, ஒவ்வொரு நாளும் வகுப்பு தொடங்கும்போது மாணவர்களைச் சொல்ல வைக்கலாம் என்று பள்ளிகளுக்குப் பரிந்துரைத்தது. "சர்வவல்லமையுள்ள தேவனே, நாங்கள் உம்மையே சார்ந்திருக்கிறோம் என்று அறிக்கையிடுகிறோம், எங்களையும் எங்கள் பெற்றோரையும் ஆசிரியர்களையும் எங்கள் நாட்டையும் ஆசீர்வதிக்கும்படி உம்மை வேண்டிக்கொள்கிறோம்" என்பது அதன் கருத்து. ஆங்கிலத்தில் மொத்தம் 22 சொற்கள். யார் மனமும் நோகக்கூடாது என்று கவனமாகச் செதுக்கப்பட்ட அந்த ஜெபத்தில் இயேசுவின் நாமம் இல்லை, பாவமன்னிப்பு இல்லை, ஒரு நன்றிச் சொல்கூட இல்லை. லாங் ஐலண்டில் உள்ள நியூ ஹைட் பார்க் பகுதிப் பள்ளிகள் 1958-ல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது ஐந்து பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். அவர்களில் யூதர்களும் இருந்தார்கள், யூனிடேரியன் சபையைச் சேர்ந்தவரும் இருந்தார், நாத்திகரும் இருந்தார்.

எங்கெல் வழக்கு என்று பெயர் பெற்ற அந்த வழக்கில் 1962 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் பெற்றோருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய ஹியூகோ பிளாக், அலபாமாவின் பர்மிங்காம் நகரத்துப் பாப்டிஸ்ட் சபையில் பல ஆண்டுகள் ஞாயிறு பள்ளி நடத்தியவர். மக்கள் ஓதுவதற்கென்று அதிகாரபூர்வமான ஜெபங்களை இயற்றுவது அரசின் வேலையே அல்ல என்பதுதான் அவருடைய வாதத்தின் நடுநாடி. விருப்பமில்லாத பிள்ளை வெளியே போய் நிற்கலாம் என்று ஏற்பாடு இருந்ததே என்று மறுப்பவர்கள் உண்டு. ஆனால் வகுப்பு முழுவதும் எழுந்து நிற்கும்போது, ஆசிரியையின் கண்ணெதிரே, ஒரு பிள்ளை மட்டும் தனியாக நடந்து வராந்தாவுக்குப் போவது எவ்வளவு பாரமான காரியம் என்பது, எண்ணிக்கையில் சிறியவர்களாகவே வாழ்ந்து பழகிய நமக்குத் தெரியாததா? மாறுபட்ட தீர்ப்பு எழுதிய ஒரே நீதிபதியான பாட்டர் ஸ்டூவர்ட், விரும்புகிற பிள்ளைகள் ஒரு ஜெபத்தைச் சொல்ல இடம் கொடுப்பதால் அரசுமதம் எப்படி உண்டாகிவிடும் என்று கேட்டார். அது நேர்மையான கேள்வி என்பதை ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் அந்த ஜெபத்தை எழுதியது பிள்ளைகள் அல்லர், வாரியம் என்பதால் அந்தக் கேள்வி இந்த வழக்குக்குப் பொருந்தவில்லை.

மறு ஆண்டு, தினமும் வேதாகமத்திலிருந்து பத்து வசனங்களாவது வாசிக்கப்பட வேண்டும் என்ற பென்சில்வேனியா மாநிலச் சட்டமும் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் விழுந்தது. அந்தத் தீர்ப்பிலேயே, வேதாகமத்தை இலக்கியமாகவும் வரலாறாகவும் பாடத்திட்டத்தில் வைத்துப் படிப்பதற்குத் தடையில்லை என்று நீதிபதி டாம் கிளார்க் தெளிவாக எழுதினார். ஆகவே நிறுத்தப்பட்டவை இரண்டு: அரசு இயற்றிய ஜெபம், அரசு கட்டளையிட்ட வாசிப்பு. பிள்ளை தானாக ஜெபிப்பதை இந்தத் தீர்ப்புகள் தடுக்கவில்லை. அப்போது குடியரசுத் தலைவராக இருந்த ஜான் கென்னடி, 1962-ன் ஜெபத் தீர்ப்பு வந்த இரண்டே நாளில் செய்தியாளர்களிடம், இதற்கு எளிய பரிகாரம் இருக்கிறது, நாமே ஜெபிக்கலாம், வீட்டில் இன்னும் அதிகமாக ஜெபிக்கலாம் என்றார். மார்ட்டின் லூதர் கிங்கும் 1965-ல் வெளியான ஒரு பேட்டியில் அந்தத் தீர்ப்பு சரியானதே என்றார். பல மதத்தார் கலந்து வாழும் சமூகத்தில் எந்த ஜெபத்தை யார் சொல்வது என்று யார் தீர்மானிப்பார் என்று அவர் கேட்டார்.

சீரழிவு அன்றைக்குத் தொடங்கியது என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியாது. விஸ்கான்சின் மாநிலத்தில் 1890-லேயே, கத்தோலிக்கப் பெற்றோர் தொடுத்த வழக்கில், பள்ளியில் வேதாகமம் வாசிப்பதை மாநில உச்ச நீதிமன்றம் நிறுத்திவிட்டது; அந்த மாநிலம் அதனால் சீரழிந்தது என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. மறுபக்கம், காலைதோறும் ஜெபம் ஒலித்த தென்மாநிலப் பள்ளிகள் பலவற்றின் வாசலில் கறுப்பினப் பிள்ளைகள் கால் வைக்க முடியாத காலமும் அதே காலம்தான். பொற்காலம் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதை மேடையேறுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கேள்வி: சபையையும் அரசையும் பிரிக்க வேண்டும் என்பதே நாத்திகர்கள் கொண்டுவந்த சூழ்ச்சி அல்லவா? விசுவாசிகள் அதை ஏன் ஆதரிக்க வேண்டும்?
— ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: இல்லை ஐயா. அதைக் கேட்டு வாங்கியவர்களில் முன்னணியில் நின்றவர்கள் விசுவாசிகள். அதுவும் நம்மைப் போல் வேதவாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டவர்கள்.

முதலில் ரோஜர் வில்லியம்ஸ். மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் போதகராக இருந்த இவர், மனச்சாட்சியின்மேல் ஆட்சியாளருக்கு அதிகாரம் இல்லை என்று போதித்ததற்காகவும், வேறு சில கருத்துகளுக்காகவும் 1635-ல் நாடு கடத்தும்படி தீர்ப்பிடப்பட்டார். கடுங்குளிர் காலத்தில் காட்டு வழியே போய் 1636-ல் பிராவிடன்ஸ் என்ற ஊரை நிறுவினார். சபை என்னும் தோட்டத்துக்கும் உலகம் என்னும் காட்டுக்கும் நடுவே ஒரு சுவர் வேண்டும் என்று 1644-ல் எழுதியவர் இவர்தான். சுவரை அவர் கேட்டது தோட்டத்தைக் காப்பாற்ற. காட்டைக் காப்பாற்ற அல்ல. கட்டாயப்படுத்திச் செய்விக்கும் வழிபாடு தேவனுடைய நாசிக்கு நாற்றம் என்று அவர் எழுதியது, எந்த நாத்திகரும் சொல்லத் துணியாத கடுமை.

பிறகு வர்ஜீனியா. அங்கே ஆங்கிலிக்கன் சபை அரசு சபையாக இருந்த காலத்தில், உரிமம் வாங்காமல் பிரசங்கித்தார்கள் என்று பாப்டிஸ்ட் போதகர்களைச் சிறையில் அடைத்தார்கள். கல்பெப்பர் சிறையில் இருந்த ஜேம்ஸ் அயர்லாந்து என்பவர், வெளியே கூடி நின்றவர்களுக்குச் சிறைக் கம்பிகளின் வழியாகவே பிரசங்கம் பண்ணினார். அவரைச் சிறை வைத்தவர்களும் கிறிஸ்தவர்கள். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போனவர்கள். அந்தப் பகுதியில் வளர்ந்த ஜேம்ஸ் மேடிசன் இந்தக் கொடுமையை இளம் வயதிலேயே கண்டு கொதித்தார். அரசு ஒரு மதத்தை நிறுவவும் கூடாது, மதச் சுதந்திரத்தைத் தடுக்கவும் கூடாது என்று சொல்லும் முதலாவது அரசமைப்புத் திருத்தத்தை அவர் பின்னாளில் வரைந்தபோது, அதற்காக விடாமல் நெருக்கியவர்கள் இந்தப் பாப்டிஸ்டுகளே.

கனெக்டிகட் மாநிலத்தில் 1818 வரை காங்கிரகேஷனல் சபைதான் அரசு சபை. வேறு சபையினர் அதற்குரிய வரியிலிருந்து விலக்குப் பெற வேண்டுமானால் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். இந்த இழிவைப் பொறுக்காத டான்பரி பகுதிப் பாப்டிஸ்டுகள், மதச் சுதந்திரத்தைத் தங்களுக்கு மாநிலம் உரிமையாகத் தராமல் சலுகையாகத் தருகிறது என்று 1801-ல் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சனுக்கு எழுதினார்கள். அதற்கு அவர் 1802 ஜனவரி 1 அன்று அனுப்பிய பதிலில்தான் சபைக்கும் அரசுக்கும் நடுவே பிரிவினைச் சுவர் என்ற சொற்கள் வருகின்றன. ஜெஃபர்சன் நம் விசுவாசப் பிரமாணத்தை ஏற்றவர் அல்லர் என்பது உண்மை. கடிதம் எழுதியவர்கள் ஏற்றவர்கள்.

அரசுப் பள்ளியில் எந்த வேதாகமம் என்ற கேள்வியில் கிறிஸ்தவர்களே ஒருவரையொருவர் கொன்றதும் உண்டு. பிலடெல்பியாவின் பள்ளிகளில் புராட்டஸ்டன்டுகளின் கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு வாசிக்கப்பட்டு வந்தபோது, கத்தோலிக்கப் பிள்ளைகள் தங்கள் டூவே மொழிபெயர்ப்பை வாசிக்க அனுமதி வேண்டும் என்று ஆயர் பிரான்சிஸ் கென்ரிக் கேட்டார். பள்ளிகளிலிருந்து வேதாகமத்தையே அகற்றப் பார்க்கிறார்கள் என்று வதந்தி பரவியது. 1844 மே மாதக் கலவரத்தில் புனித மைக்கேல் ஆலயமும் புனித அகஸ்டின் ஆலயமும் எரிந்து சாம்பலாயின, பலர் உயிரிழந்தார்கள். பள்ளியில் கிறிஸ்தவ ஜெபம் வேண்டும் என்று கேட்கிறவர்களிடம் நான் எப்போதும் திருப்பிக் கேட்பது இதைத்தான்: எந்தச் சபையின் ஜெபம்? பெந்தெகொஸ்தே சபையார் எழுதியதை லுத்தரன் சபையார் சொல்வார்களா? கத்தோலிக்கர் மாதாவை நோக்கிச் செய்யும் ஜெபத்தை மற்றவர்களின் பிள்ளைகள் சொல்ல வேண்டுமா?

கேள்வி: என் மகன் இங்கே பொதுப்பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். மதிய உணவுக்கு முன் ஜெபிக்கலாமா, நண்பர்களோடு வேத ஆராய்ச்சிக் குழு தொடங்கலாமா என்று கேட்கிறான். மைதானத்தில் ஜெபித்த பயிற்சியாளரின் வழக்குக்குப் பிறகு சட்டம் மாறிவிட்டதா?
— ஒரு தாய், டல்லாஸ்

பதில்: தாராளமாக ஜெபிக்கலாம், சகோதரி. உணவு மேசையில் தலைகுனிந்து ஜெபிக்கவும், ஓய்வு நேரத்தில் வேதாகமம் வாசிக்கவும், கேட்கிற நண்பனிடம் தன் விசுவாசத்தைச் சொல்லவும் அவனுக்கு உரிமை உண்டு. குழு தொடங்குவதற்கு 1984-ல் இயற்றப்பட்ட சமவாய்ப்புச் சட்டம் துணை நிற்கிறது. மத்திய அரசின் நிதியைப் பெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்று, பாடத்தோடு தொடர்பில்லாத சதுரங்கக் குழு போன்ற ஒன்றை அனுமதித்தால், வேத ஆராய்ச்சிக் குழுவை மட்டும் மறுக்க முடியாது. நெப்ராஸ்காவின் ஓமாஹா நகரத்துப் பள்ளி ஒன்று மறுத்தபோது, 1990-ல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மாணவர்கள் பக்கம் நின்றது. நிபந்தனைகளையும் மகனிடம் சொல்லி வையுங்கள்: கூட்டம் பாட நேரத்துக்கு வெளியே நடக்க வேண்டும், மாணவர்களே நடத்த வேண்டும், உங்கள் சபைப் போதகர் வாராவாரம் வந்து நடத்தித் தரக் கூடாது. அதே 1990-ல் உங்கள் பக்கத்து ஊரான பர்ல்சனில்தான், மாணவர்கள் வகுப்புக்கு முன் பள்ளிக் கொடிக்கம்பத்தைச் சுற்றி நின்று ஜெபிக்கும் வழக்கம் தொடங்கியது. ஆண்டுதோறும் செப்டம்பரில் நடக்கும் அதை யாரும் தடுப்பதில்லை, ஏனென்றால் அதை நடத்துகிறவர்கள் பிள்ளைகளே.

பயிற்சியாளர் வழக்கு வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்டன் நகரைச் சேர்ந்தது. ஜோசப் கென்னடி என்ற கால்பந்து உதவிப் பயிற்சியாளர், ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுக்கோட்டில் முழங்காற்படியிட்டு ஜெபித்து வந்தார். நாளடைவில் ஆட்டக்காரர்களும் அவரோடு சேர்ந்தார்கள். 2015-ல் பள்ளி நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. வழக்கு 2022 ஜூன் 27 அன்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அவருக்குச் சாதகமாக முடிந்தது. அவர் ஜெபித்தது தனிமனிதராகத்தான் என்று நீதிபதி கோர்சச் எழுதினார். மாணவர்கள் சூழ நடுவில் அவர் நிற்கும் புகைப்படங்களையே தம் மாறுபட்ட தீர்ப்பில் இணைத்தார் நீதிபதி சோட்டோமாயோர். சேர்ந்து ஜெபிக்காவிட்டால் ஆடுவதற்கு வாய்ப்புக் குறைந்துவிடுமோ என்று தன் மகன் பயந்ததாக ஒரு தந்தை சொன்னதும் வழக்குப் பதிவில் இருக்கிறது.

என் கருத்தைக் கேட்டால், அந்தப் பயிற்சியாளர் தனியே ஜெபிக்கும் உரிமையை முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் யார் ஆட வேண்டும், யார் பெஞ்சில் உட்கார வேண்டும் என்று தீர்மானிக்கிறவர் மைதானத்தின் நடுவே செய்வதைத் தனிப்பட்ட செயல் என்று என்னால் பார்க்க முடியவில்லை. அந்தப் பையனின் பயத்தோடு செய்யப்பட்ட ஜெபம் யாரைப் பிரியப்படுத்தியது? உங்கள் டெக்சாஸ் மாநிலத்தின் சாண்டா ஃபே பள்ளியில், ஆட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியில் ஜெபிப்பதை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்கள் ஒரு கத்தோலிக்கக் குடும்பமும் ஒரு மார்மன் குடும்பமும் என்பதையும், 2000-ல் அவர்கள் வென்றார்கள் என்பதையும், அந்தத் தீர்ப்பை 2022-ன் தீர்ப்பு ரத்து செய்யவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: நான் ஓர் ஆசிரியை. காலை வழிபாட்டில் எல்லாரும் பாடும்போது பாடாமல் நிற்கும் பிள்ளையை என்ன செய்வது?
— ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: நிற்க விடுங்கள். உங்களுக்கு அடுத்துள்ள கேரளத்திலேயே இதற்கு வழக்கு உண்டு. யெகோவாவின் சாட்சிகள் குழுவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதம் பாடப்படும்போது மரியாதையோடு எழுந்து நின்றார்கள், ஆனால் தங்கள் விசுவாசத்தின் காரணமாகப் பாடவில்லை. 1985-ல் பள்ளி அவர்களை வெளியேற்றியது. கேரள உயர் நீதிமன்றமும் அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. 1986 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்தத் தீர்ப்பில், இதே குழுவைச் சேர்ந்த அமெரிக்கப் பிள்ளைகளின் வழக்குகளையும் எடுத்துப் பேசுகிறார். கொடிவணக்கம் செய்ய மறுத்த பிள்ளைகளைத் தண்டிக்கலாம் என்று 1940-ல் சொன்ன அமெரிக்க உச்ச நீதிமன்றம், அந்தக் குழுவினர்மேல் நாடெங்கும் தாக்குதல்கள் நடந்த பிறகு, போரின் நடுவிலேயே, 1943 ஜூன் 14 அன்று தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. அரசியலிலோ தேசப்பற்றிலோ மதத்திலோ எது சரியான நம்பிக்கை என்று விதிக்கப் பெரிய அதிகாரிக்கும் உரிமையில்லை, சிறிய அதிகாரிக்கும் உரிமையில்லை என்றார் நீதிபதி ஜாக்சன். வகுப்பறையில் நீங்களும் நானும் அந்தச் சிறிய அதிகாரிகள். அந்தக் குழுவின் போதனை நமக்கு உடன்பாடில்லை. அதனால் அந்தப் பிள்ளையின் உரிமை குறைந்துவிடாது.

கேள்வி: அறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபிக்கச் சொன்னாரே இயேசு! அப்படியானால் பொது இடத்தில் ஜெபிப்பதே தவறா?
— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: தவறில்லை. லாசருவின் கல்லறைக்கு முன்னால், சூழ்ந்து நின்ற ஜனங்கள் கேட்கவே ஆண்டவர் ஜெபித்தார். மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் அவர் கண்டிப்பது "மனுஷர் காணும்படியாக" ஜெபிப்பதை. அதாவது இடத்தை அல்ல, நோக்கத்தை. தானியேலையும் பாருங்கள். முப்பது நாள்வரை தரியு ராஜாவைத் தவிர வேறு எவரையும் நோக்கி விண்ணப்பம் பண்ணக் கூடாது என்று அரசு ஆணையிட்ட பிறகும், அவர் தம் வழக்கப்படியே, எருசலேமுக்கு நேரான பலகணிகள் திறந்திருக்க, தினம் மூன்று வேளை ஜெபித்தார். ஆணைக்குப் பயந்து அவர் பலகணியை மூடவும் இல்லை, எதிர்ப்பைக் காட்டுவதற்காக வீதிக்கு வரவும் இல்லை. ஜெபத்தை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வேதபாடம் எனக்குத் தெரியாது. இன்றைக்கு நம் மதத்துக்கு அனுகூலமாக ஆணையிடும் அதிகாரத்தை ஓர் ஆட்சியாளருக்குக் கொடுத்தால், நாளைக்கு வருகிற தரியுவுக்கும் அதே அதிகாரத்தைக் கொடுத்தவர்களாகிறோம்.

கேள்வி: நீங்கள் சொல்வதைப் பார்த்தால், விசுவாசத்தை வீட்டோடும் சபையோடும் வைத்துக்கொண்டு, பொதுவாழ்வில் கிறிஸ்தவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறதே?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அப்படி நான் எண்ணவில்லை, எண்ணியிருந்தால் அமெரிக்க வரலாற்றின் மிக உயர்ந்த பக்கத்தையே கிழித்துப் போட வேண்டியிருக்கும். பேருந்துகளில் கறுப்பினத்தாரை ஒதுக்கி வைத்ததை எதிர்த்து நடந்த மான்ட்கோமரி நகரத்துப் பேருந்துப் புறக்கணிப்பை நீட்டிப்பது என்று 1955 டிசம்பர் 5 அன்று மக்கள் முடிவெடுத்தது ஹோல்ட் ஸ்ட்ரீட் பாப்டிஸ்ட் ஆலயத்தில். பர்மிங்காம் போராட்டத்துக்கு 1963-ல் தொண்டர்களைச் சேர்த்தபோது, ஒவ்வொருவரும் பத்துக் கட்டளைகள் அடங்கிய உறுதிமொழி அட்டையில் கையெழுத்திட வேண்டியிருந்தது. இயேசுவின் போதனைகளையும் வாழ்க்கையையும் நாள்தோறும் தியானிக்க வேண்டும் என்பது முதல் கட்டளை. எல்லா மனிதரும் விடுதலை பெறும்படி தேவன் தங்களைப் பயன்படுத்த வேண்டும் என்று தினமும் ஜெபிக்க வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. அலபாமாவின் செல்மா நகரத்துப் பாலத்தில் 1965 மார்ச் 7 அன்று, கறுப்பினத்தாருக்கு வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவர்கள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். இரண்டு நாள் கழித்து மார்ட்டின் லூதர் கிங் அதே பாலத்துக்கு மக்களை அழைத்துப் போய், வழிமறித்து நின்ற காவலர்களுக்கு எதிரே முழங்காற்படியிட்டு ஜெபித்துவிட்டுத் திரும்பினார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. அதைவிடப் பகிரங்கமான ஜெபம் வேறு எது?

வேறுபாட்டைக் கவனியுங்கள். செல்மாவில் முழங்காற்படியிட்டவர்கள் அரசின் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜெபிக்கவில்லை. அந்த அதிகாரத்தின் தடிக்கு எதிரே ஜெபித்தார்கள். தங்கள் ஜெபத்தை எவர் வாயிலும் திணிக்கவில்லை. தாங்கள் கேட்ட நீதியை யூதரும் கத்தோலிக்கரும் மதமில்லாதவரும் ஏற்கக்கூடிய நியாயங்களோடு எடுத்து வைத்தார்கள்; அதனால்தான் அந்த மூன்று வகையினரும் அவர்களோடு நடந்தார்கள். பர்மிங்காம் போராட்டம் பொருத்தமற்றது, காலத்துக்கு முந்தியது என்று 1963 ஏப்ரலில் அறிக்கை விட்ட எட்டுப் பேரும் சமயத் தலைவர்கள், அவர்களில் ஏழு பேர் கிறிஸ்தவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அரசமைப்புச் சட்டத்தில் கிறிஸ்துவின் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று உள்நாட்டுப் போர்க் காலத்திலிருந்து சிலர் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். காங்கிரஸ் அதை ஏற்கவில்லை. பெயரைச் சேர்ப்பதற்கு அவர்கள் செலவிட்ட உழைப்பைவிட, அந்தப் பெயருக்கு ஏற்றபடி பசித்தவனையும் அந்நியனையும் நடத்தும்படி ஆட்சியாளர்களை நெருக்குவதற்கு ஒரு சபை செலவிடும் உழைப்பையே நான் பெரிதாக மதிக்கிறேன். கிறிஸ்தவன் தேர்தலில் நிற்கட்டும், மனு எழுதட்டும், ஊர்வலம் போகட்டும், தன் விசுவாசமே தன்னை அங்கே கொண்டு வந்தது என்று கூச்சமில்லாமல் சொல்லட்டும்.

கேள்வி: எங்கள் ஊர் நகர மன்றக் கூட்டத்தின் தொடக்கத்தில் ஜெபிக்கும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். போகலாமா? இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கலாமா?
— ஒரு தமிழ்ச் சபைப் போதகர், நியூஜெர்சி

பதில்: போகலாம் ஐயா, இயேசுவின் நாமத்திலும் ஜெபிக்கலாம். நியூயார்க் மாநிலத்தின் கிரீஸ் என்ற ஊரின் வழக்கில், 2014-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இப்படிப்பட்ட ஜெபங்களை அனுமதித்தது. பிற மதத்தாரை இழிவுபடுத்துவதோ, மதமாற்றத்துக்கு அழைப்பதோ வழக்கமாகிவிடக் கூடாது என்பதே நிபந்தனை. ஆனால் அந்த வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி எலெனா கேகன் சுட்டிக்காட்டியதைத் தாங்கள் மனதில் வைக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் ஜெபிக்கிறவர் உறுப்பினர்களுக்காக ஜெபிக்கிறார். நகர மன்றத்தில் ஜெபிக்கிறவரோ, பெரும்பாலும் மன்றத்துக்கு முதுகைக் காட்டி, மனுவோடு வந்து உட்கார்ந்திருக்கும் ஊராரைப் பார்த்து நிற்கிறார். அங்கே ஒரு முஸ்லிம் பெண் தன் வீட்டுக்கு அனுமதி கேட்டு வந்திருக்கலாம். எல்லாரும் எழுந்து தலைகுனியும்போது அவள் என்ன செய்வாள், அவள் எழுந்திருக்காததைப் பார்த்துக்கொண்டிருக்கும் உறுப்பினர்கள் பிறகு அவளுடைய மனுவை எப்படிப் பார்ப்பார்கள்?

அரசு மேடையில் ஜெபிப்பதில் நமக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. நெப்ராஸ்கா சட்டமன்றத்தில் பதினாறு ஆண்டுகள் சம்பளத்துக்கு ஜெபித்த ராபர்ட் பால்மர் என்ற பிரெஸ்பிடேரியன் போதகர், 1980-ல் யூத உறுப்பினர் ஒருவர் ஆட்சேபித்த பிறகு, தம் ஜெபங்களிலிருந்து கிறிஸ்துவின் பெயரையே நீக்கிவிட்டார். அந்த ஏற்பாடு செல்லும் என்று 1983-ல் தீர்ப்பு வந்தபோது கிறிஸ்தவர்கள் பலர் மகிழ்ந்தார்கள். கிறிஸ்து இல்லாத ஜெபத்தை வென்றெடுத்ததற்கு என்ன மகிழ்ச்சி என்று எனக்குப் புரியவில்லை.

மேடை ஒருவருக்குத் திறந்தால் எல்லாருக்கும் திறக்க வேண்டும் என்பதையும் தங்கள் சபையாருக்குச் சொல்லுங்கள். ஒஹாயோவின் பார்மா நகரத்துச் சிவா விஷ்ணு ஆலயத்தின் அர்ச்சகர் வெங்கடாசலபதி சமுத்ராலா, வாஜ்பாய் அமெரிக்கக் காங்கிரஸில் உரையாற்றிய 2000 செப்டம்பர் 14 அன்று, பிரதிநிதிகள் சபையில் முதல் இந்துப் பிரார்த்தனையைச் செய்தார். 2007 ஜூலை 12 அன்று செனட்டில் ராஜன் ஜெட் அதையே செய்தபோது, பார்வையாளர் மாடத்திலிருந்து மூன்று பேர் இயேசுவின் பெயரைச் சொல்லிக் கூச்சலிட்டு, கைது செய்யப்பட்டார்கள். அதைச் சாட்சி என்று சிலர் புகழ்ந்தார்கள். எனக்கு அது வெட்கமாகவே இருந்தது. நமக்குக் கிடைத்த மேடையைப் பிறருக்கு மறுப்பதில் என்ன சாட்சி இருக்கிறது?

தாங்கள் போகும்போது மன்ற உறுப்பினர்களின் பக்கம் திரும்பி நில்லுங்கள். ஊராரை எழுந்து நிற்கும்படி கேட்காதீர்கள். "நாம்" என்று சொல்லி அங்கிருக்கும் அனைவரையும் தங்கள் விசுவாசத்துக்குள் இழுக்காமல், "நான் இந்த மன்றத்துக்காக இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறேன்" என்று தங்கள் பேரில் சொல்லுங்கள். நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே வாங்கிப் படித்து, அன்று அவர்கள் தீர்மானிக்கப்போகிற தண்ணீர்க் கட்டணத்துக்காகவும், வாடகை வீட்டுக்காரர்களின் மனுவுக்காகவும் பேர் சொல்லி ஜெபியுங்கள். ஜெபம் முடிந்ததும் எழுந்து போய்விடாமல், அந்த மனுக்கள் என்ன ஆகின்றன என்று கூட்டம் முடியும்வரை உட்கார்ந்து பாருங்கள்.